தண்ணி லாரி யாருக்குச் சொந்தம்

தனியாக உட்கார்ந்து வீடியோ கேம் செய்கிறவர்கள் ப்ரோக்ராமிங் வராவிட்டால் கற்றுக்கொள்ளலாம், படம் வரைய வராவிட்டால் வருகிறவர்களைக் கேட்கலாம்; லைசென்ஸ் புரியாவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் டெக்சாஸில், காப்பெலில் இருக்கிறேன். வேலை ரிச்சர்ட்சனில், நெட்வொர்க் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங். சனி, ஞாயிறு காலைகளில் நான்கு வருடம் உட்கார்ந்து ‘தண்ணி லாரி’ என்று ஒரு கேம் செய்தேன். சென்னை, மே மாதம். நீங்கள்தான் டிரைவர். குடங்களோடு நிற்கிறவர்களுக்குள் சண்டை வருவதற்குள் தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் விட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால் கீழே வருவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் உங்கள் லைசென்ஸ் ஃபைலை இன்னும் நீங்கள் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

முதல் க்ளிக்

லேப்டாப் ஒருநாள் படுத்துவிட்டால் எல்லாம் போய்விடுமே என்ற பயத்தில், கோட் முழுவதையும் ஊரார் பார்க்கிற ஒரு பொதுத் தளத்தில் ஏற்றி வைத்தேன். அதை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் லைசென்ஸ் எதுவும் போடவில்லை. ஒரு வாரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, “லைசென்ஸ் இல்லாததால் இதை யாரும் தொட முடியாது, தயவுசெய்து ஏதாவது ஒன்று போடுங்கள்” என்று எழுதினார். எனக்குப் புரியவில்லை. ஒன்றும் போடாவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது நேர்மாறாம். ஒன்றும் போடாவிட்டால் எல்லா உரிமையும் எனக்கே. மற்றவர்கள் பார்க்கலாம், எடுக்கக் கூடாது.

சரி என்று லைசென்ஸ் பட்டியலைத் திறந்தேன். ஒரு டஜன் பெயர்கள். ஆபீஸில் காதில் விழுந்த பெயர் அதில் ஒன்றுதான் இருந்தது, ஜிபிஎல். அதை க்ளிக் செய்தேன். மொத்தம் மூன்று விநாடி ஆகியிருக்கும். மறுநாள் மதியம் சாப்பிடும்போது இப்ராஹிம் பாயிடம் பெருமையாகச் சொன்னேன். கீழக்கரைக்காரர், என் டீமில் சீனியர், எதையும் கடைசி வரி வரை படிக்கிற அபூர்வமான மனிதர். “என் கேமை ஃப்ரீயா குடுத்துட்டேன் பாய்” என்றேன். அவர் தயிர்சாதத்தைக் கலந்துகொண்டே சொன்னார்: “ஃப்ரீன்னா காசு கேக்க மாட்டாங்கன்னு மட்டும்தான் அர்த்தம் செல்வி. வேற என்னல்லாம் கேப்பாங்கன்னு படிச்சீங்களா?”

பால் வண்டி

படிக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, ஒரு கேம் ஸ்டோரில் ‘பால் வண்டி’ என்று ஒரு கேம் விற்பனைக்கு வந்தது. அதே தெரு, அதே வேகத்தடை, மூலை டீக்கடையில் நான் வைத்த அதே நாய். லாரிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, தண்ணீரைப் பாலாக்கி, குடங்களைத் தூக்குவாளிகளாக மாற்றியிருந்தார்கள். நான் இன்னும் விற்கவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் யாரோ விற்கிறார்கள்.

பாயிடம் ஓடினேன். அவர் பொறுமையாக விளக்கினார். நான் க்ளிக் செய்த லைசென்ஸ்படி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் விற்கலாம். ஆனால் விற்கிறவர் தான் மாற்றியதையும் அதே மாதிரி எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும், என் பெயரை எடுக்கக் கூடாது. “அப்ப அவன் திருடன் இல்லையா?” என்றேன். “இல்ல. நீங்க கூப்பிட்டு வந்த விருந்தாளி” என்றார். எனக்கு ஆறவில்லை. அந்த ஆளுக்கே காரமாக ஒரு மெயில் எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது, சுத்தமான தமிழில்: “அக்கா, கோட் எல்லாம் திறந்துதான் வைத்திருக்கிறேன், லிங்க் கீழே இருக்கிறது. உங்கள் பெயரை நன்றி பக்கத்தில் முதலாவதாகப் போட்டிருக்கிறேன். செல்விக்கு எந்த ‘ல்’ என்று மட்டும் சந்தேகமாக இருந்தது, சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.”

ஹாரன்

இதற்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கேமில் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் எங்கிருந்து எடுத்தேன் என்று ஒரு பட்டியல் போட்டேன். குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய், பிரச்சினை இல்லை. லாரி ஹாரனில் மாட்டிக்கொண்டேன். இணையத்தில் கிடைத்த சத்தம் அது. மூன்று ஸ்வரத்தில் இழுத்து முடிகிற ஹாரன், கேட்டாலே ஓரமாக ஒதுங்கத் தோன்றும். அதன் கீழே சின்ன எழுத்தில், வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று இருந்தது. நான் விற்கப் போகிறேன். ஆனால் பழைய வெர்ஷன் இலவசமாகவும் கிடைக்கும். அப்படியானால் என் நோக்கம் பாதி வணிகமா?

பதிவு செய்தவரைத் தேடிப் பிடித்தேன். கோயம்புத்தூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவர். எழுத்தில் ஒரு அனுமதி வேண்டும் என்று கேட்டேன், எப்படி எழுத வேண்டும் என்று மாதிரியும் அனுப்பினேன். இரண்டு நாள் யோசித்திருப்பார் போல. வாட்ஸாப்பில் குரல் செய்தி வந்தது. “மேடம், தாராளமா யூஸ் பண்ணிக்கோங்க. ஆனா ஒரு டவுட்டுங்க. நான் ரெக்கார்டுதான் பண்ணேன், ஹாரன் அடிச்சது பக்கத்து வீட்டு லாரிக்காரரு. அவரும் கையெழுத்துப் போடணுங்களா?”

ரூட்டிங்

அடுத்த குழப்பம் நான் சம்பளம் வாங்குகிற இடத்தில். வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட பத்திரத்தில், கம்பெனியின் தொழிலோடு தொடர்புள்ள எதை நான் உருவாக்கினாலும், சொந்த நேரத்தில் உருவாக்கினாலும், அது கம்பெனிக்குச் சேரும் என்று ஒரு பத்தி இருக்கிறது என்றார் பாய். தேடிப் பார்த்தேன், இருந்தது. அப்படிப் போடுவது எல்லா மாநிலத்திலும் செல்லாதாம், டெக்சாஸில் பெரும்பாலும் செல்லுமாம். நெட்டில் படித்ததில் இதற்கு மேல் எனக்குப் புரியவில்லை. அந்த வார இறுதியில் கேமைத் திறக்கவே மனம் வரவில்லை. நான்கு வருடச் சனிக்கிழமைகள் யாருடையவை என்றே தெரியாமல் என்னத்தைத் திருத்துவது?

சட்டப் பிரிவுக்கு மனு எழுதினேன். கேம் என்ன செய்யும் என்று ஒரு கட்டம். “நெரிசலைத் தவிர்த்து லாரி மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்க உதவும் ரூட்டிங்” என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். எங்கள் கம்பெனி விற்பதே நெட்வொர்க்கில் டேட்டாவுக்கு வழி காட்டும் ரூட்டர். மறுநாளே வீடியோ காலுக்கு அழைப்பு. கம்பெனி வக்கீல் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். நெரிசல், குறுகிய வழி, ரூட்டிங் என்று என் மனுவில் மூன்று இடத்தில் மஞ்சள் தீட்டி வைத்திருந்தார். நான் வேர்த்துப் போய் ஸ்க்ரீன் ஷேர் பண்ணி, லாரியைக் கிளப்பி, இரண்டு தெரு ஓட்டிக் காட்டினேன். மூன்றாவது தெருவில் குடச் சண்டை வந்துவிட்டது. கம்பெனிக்கு இதில் உரிமை இல்லை என்ற கடிதம் பத்து நாளில் கைக்கு வந்தது. அன்று வீடியோவில் வக்கீல் கேட்டது ஒரே கேள்விதான்: “ஸோ, ஜஸ்ட் வாட்டர்?”

போஸ்டர்

என் கணவர் முருகேசன் உதவி செய்கிறேன் என்று ஏஐயிடம் சொல்லி ஒரு போஸ்டர் வரைய வைத்தார். நீல லாரி, மாலை வெயில், இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். நன்றாகவே இருந்தது. இரண்டே மாதத்தில் வேறு யாரோ செய்த தீயணைப்பு கேம் ஒன்றின் அட்டையில் அதே பெண், அதே வெயில். குடத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கையில் ஹோஸ் பைப்பைக் கொடுத்திருந்தார்கள்.

ஸ்டோரில் புகார் செய்தேன். இதை வரைந்த மனிதர் யார் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். மெஷின் மட்டும் வரைந்த படத்துக்கு இந்த நாட்டில் காப்பிரைட் கிடையாது, அதனால் இந்தப் புகாரை எடுத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. பிறகு ஆஸ்டினில் இருக்கிற ஓர் ஓவியரிடம் புதிதாக வரையச் சொல்லி, உரிமையை எழுதியும் வாங்கிக்கொண்டேன். முருகேசனுக்கு மட்டும் இன்றுவரை மனசு ஆறவில்லை. “பதினேழு தடவை திருத்திச் சொன்னது நான். வரைஞ்சது அது. நானும் ஆளில்லை, அதுவும் ஆளில்லைன்னா, இந்தப் படத்தை வரைஞ்சது யாருதான் செல்வி?”

நாற்பத்தொரு வரி

பே ஏரியாவில் இருக்கிற ஒரு சின்ன பப்ளிஷர், தண்ணி லாரியை டிவியில் மாட்டி விளையாடுகிற கருவிக்குக் கொண்டுபோக விரும்பினார்கள். நான்கு வருடத்தில் எனக்கு வந்த ஒரே நல்ல மெயில் அது. ஆனால் அந்தக் கருவியின் விதிகளும் நான் க்ளிக் செய்த ஜிபிஎல்லும் ஒத்துப்போகாது. இனி வரும் வெர்ஷனுக்கு லைசென்ஸை மாற்ற வேண்டும். எழுதியவர் நான் ஒருத்தி மட்டும் என்றால் நானே மாற்றிவிடலாம். வேறு யாராவது ஒரு பகுதி எழுதியிருந்தால் அவர் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

ஒருவர் எழுதியிருந்தார். என் கேமில் ஆரம்பத்தில் ‘தொட்டி’ என்று போட்டால் கொம்பு ஓர் இடத்தில், கால் ஓர் இடத்தில், நடுவில் ஒரு வட்டம் என்று சிதறித் தெரியும். மூன்று வருடம் முன்பு ஜெகதீசன் என்று ஒருவர், அதுவரை எனக்குத் தெரியாதவர், தானாக வந்து நாற்பத்தொரு வரி எழுதி அனுப்பினார். போட்டதும் தமிழ் தமிழாகத் தெரிந்தது. “தொட்டி இப்ப ஒழுங்கா வருதான்னு சொல்லுங்க” என்று கேட்டிருந்தார். நான் ஒரு கட்டைவிரல் படம் போட்டதோடு சரி.

இப்போது அவருக்கு மெயில் எழுதினேன். பதில் இல்லை. மூன்று வாரத்தில் நான்கு மெயில். அந்த வரிகளை எடுத்துவிட்டு நானே எழுதலாம் என்று உட்கார்ந்தால், அவர் எழுதியதைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அதுவேதான் திரும்ப வந்தது. அதுவும் காப்பிதானே? கடைசியில் பாய் தனக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்தார். ஜெகதீசன் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியில் கான்ட்ராக்டராக இருந்தவராம். வீட்டு நம்பர் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டேன். எடுத்தவர் அவர் மனைவி. “நான் சாந்தி பேசறேங்க. அவரு போன வருஷம் தவறிட்டாரு. ஹார்ட் அட்டாக். உங்களுக்குத் தெரியாதா?” என்றார். ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிட்டேன்.

மத்தியானம் அவரே கூப்பிட்டார். “எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு சொல்லலையே?” தயங்கித் தயங்கிச் சொன்னேன். கேம், கொம்பு, லைசென்ஸ், அவர் எழுதிய நாற்பத்தொரு வரிகளின் உரிமை சட்டப்படி இப்போது உங்களுக்கு வந்திருக்கிறது, எல்லாம். அவர் கேட்டார்: “கார் அவர் பேர்ல இருந்துச்சு, மாத்தினேன். பேங்க்ல இருந்ததை மாத்தினேன். நாலு மாசம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேங்க. இது எந்த லிஸ்ட்லயும் இல்லையே. நான் பாக்கலாமா அதை?”

அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான், அவருக்கு ப்ரோக்ராமிங் தெரியாதே, இதை வைத்துக்கொண்டு என்ன பார்ப்பார் என்று தோன்றியது. நானும் திறந்து பார்த்தேன். முப்பதாவது வரியில், கம்ப்யூட்டர் படிக்காத, நமக்காக எழுதி வைக்கிற குறிப்பு ஒன்று இருந்தது. மூன்று வருடமாக நான் தாண்டித் தாண்டிப் போன வரி. “கொம்பு முன்னாடி, கால் பின்னாடி. சாந்தி சாப்பிடக் கூப்பிடறா, மிச்சம் அப்புறம்.” படித்துவிட்டு நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். சாந்தியைக் கூப்பிடவும் பயமாக இருந்தது, கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, பப்ளிஷரின் வக்கீல் கேட்ட தாள்கள் எல்லாம் சாந்தியின் கையெழுத்தோடு வந்தன. காருக்காக வாங்கிய வாரிசுச் சான்றின் நகலும் கேட்காமலே வைத்திருந்தார். அன்று சாயங்காலம் போனில் பேசினோம்; அவரும் அந்த முப்பதாவது வரியைப் படித்திருந்தார். விளையாடுகிறவர்கள் கண்ணுக்கு அந்தக் குறிப்பு தெரியாது, கேமுக்குள் அது போகவே போகாது என்று நான் விளக்க முயன்றேன். அவருக்கு அது முக்கியமாகப் படவில்லை. “தெரியாட்டிப் பரவால்லீங்க. யார் கேட்டாலும் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடாதீங்க.”

எந்த வெர்ஷன்

கேம் வெளிவந்த பிறகு, காப்பெலில் ஒரு பொங்கல் விழாவில் மீனாட்சி ஆன்ட்டி என் தட்டில் வடையை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ரிட்டையர்டு கணக்கு டீச்சர், தப்புத்தண்டாவுக்குப் போகாதவர். “செல்வி, உன் கேமை என் தங்கச்சிக்குக் காப்பி பண்ணிக் குடுத்துட்டேன்மா. அப்புறம்தான் நெனச்சேன், தப்போ?”

பழைய இலவச வெர்ஷன் என்றால் தப்பே இல்லை, கொடுத்ததற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். அதற்குக் கொடுத்த லைசென்ஸை நானே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. புது வெர்ஷன் என்றால் தப்பு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இதை நான் சொல்லச் சொல்ல ஆன்ட்டியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் நானே குழம்பி, பால் வண்டியையும் இழுத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “அம்மாடி, தப்பா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டேன். உனக்கே தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடு, வடை ஆறுது.”

இத்தனைக்கும் பிறகு தண்ணி லாரியில் எது என்னுடையது என்று யாராவது கேட்டால், அதில் இருக்கிற பிழைகள் அத்தனையும் என் சொந்தச் சொத்து என்பதை மட்டும் எந்த வக்கீல் முன்னாலும் தைரியமாகச் சொல்வேன்.